மரத்தின் மேலே சிவப்புப் பூ... உன் பெயர் என்ன?

குட்டீஸ்! மாமரத்தில் புல்லுருவி பார்த்திருக்கிறீர்களா? மாங்கிளையின் நடுவே, மாவிலை மாதிரி இல்லாத வேறு இலைகள் கொத்தாகத் தெரியும். தாத்தா அண்ணாந்து பார்த்து, "அடடா, புல்லுருவி புகுந்துடுச்சே! வெட்டி எடுக்கணும்" என்பார்.

இப்போது ஓர் உயர்ந்த மலைக்காட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மரமெல்லாம் பாசி. ஒரு கிளையின் மேல், தரையையே தொடாமல், ஒரு புதர்ச் செடி உட்கார்ந்திருக்கிறது. இலைகள் தடிப்பாகப் பளபளக்கின்றன. கிளை நுனியில் சிவப்புப் பூக்கள் மணி மாதிரி தொங்குகின்றன. இதுவும் புல்லுருவிதானா? வெட்டிப் போட்டுவிடலாமா?

அவசரப்படாதீர்கள்! இந்தச் செடிக்குச் சரியான பெயர் வைப்பதற்குள் பெரிய பெரிய தாவரவியல் அறிஞர்களுக்கே நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தக் கதையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

மேகம் உட்காரும் மலை

உலக வரைபடத்தில் ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொள்ளுங்கள். வலது பக்கம் மேலே, கொம்பு மாதிரி ஒரு நிலம் நீட்டிக்கொண்டிருக்கிறதா? அது குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் வடக்குப் பகுதி. ஆஸ்திரேலியா என்றதும் பாலைவனமும் கங்காருவும்தான் நமக்கு நினைவுக்கு வரும். ஆனால் இங்கே, கடற்கரையை ஒட்டி அடர்ந்த மழைக்காடுகள் இருக்கின்றன. 1988ஆம் ஆண்டிலேயே யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்துவிட்டது.

கெய்ர்ன்ஸ் என்ற நகரத்துக்குத் தெற்கே பெலண்டன் கெர் என்று ஒரு மலை. உயரம் சுமார் 1,590 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதோடு ஒப்பிட்டால் இது குட்டைதான். ஆனால் மழையில் யாரும் இதை மிஞ்ச முடியாது. ஆஸ்திரேலியாவிலேயே அதிக மழை பெய்யும் இடம் இதுதான். ஆண்டுக்குச் சராசரியாக 8,000 மில்லிமீட்டர்! சென்னையில் ஓராண்டில் பெய்வது சுமார் 1,400 மில்லிமீட்டர்தான். 2000ஆம் ஆண்டில் மட்டும் இந்த மலையுச்சியில் 12,461 மில்லிமீட்டர் மழை பதிவானது. உச்சியில் தொலைக்காட்சி ஒலிபரப்புக் கோபுரம் ஒன்று இருக்கிறது. ஊழியர்கள் போய்வர ஒரு கம்பிவட ஊர்தியும் உண்டு. நமக்கெல்லாம் அதில் இடம் கிடையாது!

மழை இல்லாத நாட்களிலும் அங்கே மேகம் வந்து மரங்களின் மேல் உட்கார்ந்துகொள்ளும். இலை, கிளை, பாறை எல்லாம் எப்போதும் ஈரம். அதனால்தான் மரத்தின் மேலேயே செடிகள் வளர முடிகிறது. கீழே இறங்கித் தண்ணீர் தேட வேண்டிய அவசியமே இல்லை.

விசாரணை ஆரம்பம்!

சரி, நம் சிவப்புப் பூச் செடிக்கு வருவோம். செடியை அடையாளம் காண்பது என்பது துப்பறிவது மாதிரி. முகத்தைப் பார்த்தவுடன், "இவன்தான்!" என்று சொல்லிவிடக் கூடாது. ஒவ்வொரு கேள்வியாகக் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி, நீ திருடனா, குடித்தனக்காரனா? புல்லுருவி ஒரு திருடன். அதன் வேர் மாங்கிளையின் மரத்துக்குள்ளேயே புகுந்து, மாமரம் உறிஞ்சிய தண்ணீரையும் சத்தையும் இழுத்துக்கொள்ளும். இரண்டும் சேரும் இடத்தில் கிளை வீங்கி முடிச்சுப் போட்டது போல இருக்கும். நம் செடியின் அடியில் அப்படி முடிச்சு எதுவும் இல்லை. பாசியை மெல்ல விலக்கினால் வேர்கள் பட்டையின் மேல் படர்ந்து, பிடித்துக்கொண்டு நிற்பது மட்டும் தெரிகிறது. மழைநீரும், கிளை இடுக்கில் மக்கிய இலைகளும்தான் அதன் சாப்பாடு. மரத்திடம் வாங்கியது உட்கார இடம் மட்டுமே. இப்படிப்பட்ட செடிகளைத் தொற்றுத் தாவரம் என்பார்கள். உங்கள் அறிவியல் பாடத்தில் வாண்டா என்ற ஆர்கிட் செடி வருமே, அந்த வகை. இதே சிவப்புப் பூச் செடி, மரம் கிடைக்காவிட்டால் பாறை இடுக்கிலும் வளர்ந்துவிடும். ஆக, திருட்டுக் குற்றச்சாட்டு தள்ளுபடி!

இரண்டாவது, பூவுக்குள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். இதழ்கள் தனித்தனியாக இல்லை. ஒன்றாக ஒட்டிக் குழாய் மாதிரி இருக்கின்றன. வாய் மட்டும் ஐந்தாகப் பிரிந்து விரிகிறது. உள்ளே மகரந்தத் தாள்கள். செம்பருத்திப் பூவைத் தொட்டால் விரலில் மஞ்சள் பொடி ஒட்டும் இல்லையா? அதன் மகரந்தப் பை நீளவாக்கில் வெடித்துத் திறப்பதால்தான் பொடி சுலபமாகக் கொட்டுகிறது. இந்தச் செடியில் அப்படி இல்லை. ஒவ்வொரு மகரந்தப் பையின் நுனியிலும் ஊசியால் குத்தியது போலச் சின்ன ஓட்டை. உப்பு டப்பா மாதிரி! நம் கத்திரிப் பூவிலும் இப்படி நுனி ஓட்டை உண்டு. வீட்டுத் தோட்டத்தில் கத்திரிச் செடி இருந்தால் லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஆனால் கத்திரிக்கு இல்லாத ஒரு வித்தை இதற்கு உண்டு. ஓட்டையிலிருந்து மகரந்தம் பொடியாகக் கொட்டாது. பசை போன்ற மெல்லிய இழைகளில் கோத்து, சரம் சரமாக வெளியே வரும். பூவுக்குள் தலையை நுழைக்கும் விருந்தாளியின் மேல் மொத்தமாக ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டிய இதழ், ஓட்டை போட்ட மகரந்தப் பை, மகரந்தச் சரம்... குடும்பம் தெரிந்துவிட்டது. எரிக்கேசியே! ஐரோப்பாவின் குளிர்ந்த மேட்டு நிலங்களில் தரையோடு தரையாக மண்டிக் கிடக்கும் ஹீத் செடிகளின் குடும்பம் இது. கேக்கில் போடும் புளூபெர்ரியும் இந்தக் குடும்பம்தான். நமக்கும் இதில் சொந்தக்காரர்கள் உண்டு. நீலகிரியிலும் பழனி மலையிலும் காட்டுப் பூவரசு என்று ஒரு மரம் பார்த்திருப்பீர்கள். முறுக்கிய தண்டு, கொத்தான சிவப்புப் பூ. ரோடோடெண்ட்ரான் என்பது அதன் தாவரவியல் பெயர். கிரேக்க மொழியில் 'ரோஜா மரம்' என்று பொருள்.

நம் செடியின் இலைகளைப் பாருங்கள். தண்டு முழுக்கப் பரவாமல், நுனியில் வட்டமாகச் சுற்றி நிற்கின்றன. பூவும் அச்சு அசல் காட்டுப் பூவரசின் ஜாடை. அப்படியானால் இதுவும் ரோடோடெண்ட்ரானா? ஆமாம்! ஆனால் தூரத்துச் சொந்தம். அதை இலையின் அடிப்பக்கம் சொல்லிவிடும். காட்டுப் பூவரசின் இலையைத் திருப்பினால் மெத்தென்று ரோமம் படர்ந்திருக்கும். இதைத் திருப்பி லென்ஸில் பார்த்தால் ரோமம் இல்லை. பழுப்பு நிறத்தில், வட்ட வட்டமாக, மிகச் சிறிய செதில்கள்! மீன் செதிலைச் சுருக்கிச் சுருக்கிப் பொட்டாக ஆக்கியது போல.

கடைசியாக விதை. காய் முற்றி வெடித்தால் உள்ளே தூசி மாதிரி விதைகள். ஒவ்வொரு விதைக்கும் இரண்டு முனையிலும் வால்! காற்றில் மிதந்து போய் இன்னொரு கிளையின் பாசியில் ஒட்டிக்கொள்ள இந்த வால்தான் உதவுகிறது. யோசித்துப் பாருங்கள், மரத்தின் மேல் வாழும் செடியின் விதை கனமாக இருந்தால் என்ன ஆகும்? தொப்பென்று தரையில் விழுந்து, இருட்டில் முளைக்க முடியாமல் போய்விடுமே!

செதில் இலையும் வால் விதையும் சேர்ந்த ரோடோடெண்ட்ரான்களுக்கு விரேயா என்று பெயர். உலகத்தில் சுமார் 1,000 ரோடோடெண்ட்ரான் இனங்கள் இருக்கின்றன. அதில் 300க்கு மேல் விரேயாக்கள். நியூகினி, போர்னியோ, ஜாவா, பிலிப்பைன்ஸ் மலைகள்தான் இவற்றின் வீடு. இவற்றைப் பார்த்த புளூமே என்ற அறிஞர், 'இது ரோடோடெண்ட்ரானே இல்லை, வேறு ஏதோ' என்று முடிவு கட்டி, 1826இல் விரே என்ற பிரெஞ்சு மருந்தியலாளர் பெயரைச் சூட்டினார். பிறகு மற்றவர்கள் பார்த்து, 'இல்லை, இதுவும் அந்தக் கூட்டம்தான்' என்று சேர்த்துக்கொண்டார்கள். செல்லப்பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

சீமாட்டியின் பெயர்

இனி நம் குவீன்ஸ்லாந்துச் செடியின் கதை. 1887ஆம் ஆண்டு. சேயர், டேவிட்சன் என்ற இருவர் பெலண்டன் கெர் மலையில் ஏறினார்கள். கம்பிவட ஊர்தியெல்லாம் அப்போது ஏது? வழுக்கும் பாறை, விடாத மழை. அங்கிருந்து அவர்கள் பறித்து வந்த செடிகளில் இந்தச் சிவப்பு விரேயாவும் ஒன்று. மெல்போர்னில் இருந்த ஃபெர்டினாண்ட் வான் முல்லர் என்ற புகழ்பெற்ற தாவரவியல் அறிஞரிடம் அது போய்ச் சேர்ந்தது. ஆஸ்திரேலியாவில் அதுவரை ஒரு ரோடோடெண்ட்ரான்கூடக் கிடைத்ததில்லை. முல்லருக்கு எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்திருக்கும்!

அவர் அதற்கு ரோடோடெண்ட்ரான் லாக்கியே என்று பெயர் வைத்தார். அப்போது விக்டோரியா மாநில ஆளுநராக இருந்தவர் ஹென்றி லாக். அவருடைய மனைவியின் நினைவாகத்தான் இந்தப் பெயர். மழையில் நனைந்து மலை ஏறியது சேயரும் டேவிட்சனும்; பெயரோ சீமாட்டிக்கு! அந்தக் காலத்தில் இது சகஜம். மலைக்கும் அப்படித்தான். அங்கே வாழ்ந்த ஆதிவாசி மக்கள் அதற்கு வூரூனூரன் என்று பெயர் வைத்திருந்தார்கள். இப்போது அந்த மலை இருக்கும் தேசியப் பூங்காவுக்கு அந்தப் பழைய பெயரைத்தான் சூட்டியிருக்கிறார்கள். நல்லதுதான், இல்லையா?

புதிய செடிக்குப் பெயர் வைக்கும்போது ஒரு முக்கியமான வேலை உண்டு. செடியின் ஒரு கிளையைப் பூவோடு பறித்து, காகிதங்களுக்கு நடுவே அழுத்திக் காயவைத்து, அட்டையில் ஒட்டி, எங்கே, எப்போது, யார் பறித்தது என்று எழுதி வைக்க வேண்டும். பெயருக்கு இதுதான் சாட்சி. ஆதார மாதிரி என்பார்கள். நூறு ஆண்டு கழித்து ஒருவருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்த அட்டையை எடுத்துப் பார்க்கலாம். நம் கோயம்புத்தூரில்கூட இப்படி உலர்ந்த செடிகளை அட்டை அட்டையாகப் பாதுகாக்கும் பெரிய காப்பகம் இருக்கிறது.

வருகைப் பதிவேட்டில் குழப்பம்!

பிறகு குவீன்ஸ்லாந்தின் வேறு சில மலைகளிலும் சிவப்பு விரேயா கிடைத்தது. தார்ன்டன் பீக், ஃபின்னிகன் என்று வடக்கே தள்ளி இருக்கும் மலைகள். "ஆகா, லாக்கியே இங்கேயும் இருக்கிறது!" என்று நினைத்துக்கொண்டார்கள். செம்பருத்தியைப் போலவே இதன் கிளையை வெட்டி நட்டாலும் வேர் பிடிக்கும். அதனால் தோட்டம் தோட்டமாகப் பரவியது. எல்லாத் தோட்டத்திலும் பெயர்ப்பலகை 'லாக்கியே'. அதை மற்ற விரேயாக்களோடு சேர்த்துப் புதிய கலப்புச் செடிகள்கூட உருவாக்கினார்கள்.

1990களில் கிரேவன் என்ற ஆஸ்திரேலியத் தாவரவியல் அறிஞர் உற்றுப் பார்த்தார். ஏதோ இடிக்கிறதே! வடக்கு மலைகளின் செடியில் பூவின் குழாய் நேராக இருக்கிறது. பெலண்டன் கெர் பக்கத்துச் செடியிலோ குழாய் லேசாக வளைந்திருக்கிறது. ஒன்றிரண்டு பூவில் மட்டும் இல்லை, எப்போதும் இப்படித்தான். அப்படியானால் ஆஸ்திரேலியாவில் இருப்பது ஒரு ரோடோடெண்ட்ரான் இல்லை, இரண்டு!

தோட்டங்களில் எல்லோரும் நேர்க்குழாய்ச் செடியைத்தானே லாக்கியே என்று அழைக்கிறார்கள்? ஆகவே அது லாக்கியேவாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, வளைந்த குழாய்ச் செடிக்குப் புதிய பெயர் வைத்தார்கள் கிரேவனும் அவருடைய நண்பர் வித்தர்ஸும். நோட்டியாலே. 'தெற்கத்தியது' என்று பொருள். இது 1996இல்.

முடிந்ததா? அதுதான் இல்லை! முல்லரின் ஆதார மாதிரி எந்த மலையில் பறித்தது? பெலண்டன் கெர்! அங்கே வளர்வது எது? வளைந்த குழாய்! அதாவது, உண்மையான லாக்கியே இந்த 'நோட்டியாலே'தான்!

இதை இப்படி நினைத்துப் பாருங்கள். உங்கள் வகுப்பில் செல்வம் என்று ஒரு பையன். அவனைப் போலவே இருக்கும் இன்னொரு பையன் பக்கத்து ஊரிலிருந்து வந்து சேர்கிறான். ஆசிரியர் தினமும் இவனைத்தான் "செல்வம்" என்று கூப்பிடுகிறார். இவனும் "உள்ளேன் ஐயா" என்கிறான். ஒருநாள் நிஜ செல்வம் எழுந்து நிற்க, "யாரப்பா நீ புதுப்பையன்?" என்று அவனுக்கு வேறு பெயர் எழுதிவிடுகிறார்கள். பிறகு பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தால்... ஐயோ!

பெயர் சூட்டும் விதிப்படி சான்றிதழ் சொல்வதுதான் செல்லும். எனவே வளைந்த குழாய்ச் செடிக்கு லாக்கியே என்ற பழைய பெயர் திரும்பக் கிடைத்தது. நோட்டியாலே என்ற பெயர் வீணாய்ப் போனது. அதுவரை ஊரெல்லாம் லாக்கியே என்று கொண்டாடிய நேர்க்குழாய்ச் செடியோ, திடீரென்று பெயரே இல்லாமல் நின்றது! 2002இல் கிரேவன் அதற்கு விரியோசம் என்று பெயரிட்டார். லத்தீன் மொழியில் 'வலிமையானது' என்று அர்த்தம். தன் முடிவைத் தானே திருத்திக்கொண்டாரே கிரேவன், அந்த இடம்தான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது.

ஒரு வளைவுக்கு இவ்வளவு கலாட்டாவா?

"பூ கொஞ்சம் வளைந்தால் என்ன, நேராக இருந்தால் என்ன? இரண்டும் சிவப்புத்தானே!" என்று உங்களில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. நல்ல கேள்விதான்.

இந்தச் செடிகளுக்குக் குளிர்ச்சியும் மேகமும் வேண்டும். அது மலையுச்சியில்தான் கிடைக்கும். மலைக்குக் கீழே வெப்பமான சமவெளி. அதைத் தாண்டி அடுத்த உச்சிக்குப் போவது சுலபமில்லை. கடல் நடுவே தீவுகள் மாதிரி, வெப்பத்தின் நடுவே குளிர்ந்த உச்சிகள். லாக்கியே தெற்குத் தீவில், விரியோசம் வடக்குத் தீவில். நம் நீலகிரிச் சோலைக்காடுகளும் பழனி மலைச் சோலைக்காடுகளும்கூட இப்படித் தனித்தனித் தீவுகள்தான்.

பூமி சூடாகிக்கொண்டே வருகிறது அல்லவா? அடிவாரத்துச் செடிகளுக்கு ஒரு வழி உண்டு. தலைமுறை தலைமுறையாக விதை பரப்பி, கொஞ்சம் மேலே ஏறிக்கொள்ளலாம். உச்சியிலேயே இருக்கும் செடி எங்கே ஏறும்? அதற்கு மேலே வானம்தான் இருக்கிறது! வடக்குக் குவீன்ஸ்லாந்தின் மலையுச்சிகளில் மட்டுமே வாழும் செடிகளில் பலவற்றுக்கு, இந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஏற்ற குளிர் இடமே இல்லாமல் போகலாம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

அதனால் உச்சிகளிலிருந்து விதைகளையும் கிளைகளையும் சேகரித்து, தாவரவியல் பூங்காக்களில் வளர்க்கும் வேலை நடந்து வருகிறது. காட்டில் அழிந்தாலும் பூங்காவிலாவது அந்த இனம் பிழைத்திருக்கட்டும் என்றுதான்.

இப்போது 1990க்குப் போங்கள். "லாக்கியே தோட்டங்களில் இருக்கிறதா?" என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்? "ஓ, நிறைய இருக்கிறதே! பலகையைப் பாருங்கள்!" ஆனால் பலகைக்குப் பின்னால் நின்றது பெரும்பாலும் விரியோசம். நிஜ லாக்கியே பெலண்டன் கெர் பக்கத்து மலைகளிலிருந்து மறைந்து போயிருந்தாலும், 'பத்திரமாக இருக்கிறது' என்று எல்லோரும் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்!

அதனால்தான் இப்போது செடி சேகரிக்கப் போகிறவர்கள் ஒவ்வொரு கிளையோடும் ஒரு சீட்டு கட்டி விடுகிறார்கள். எந்த மலை, எவ்வளவு உயரம், எந்தத் தேதி, மரத்திலிருந்தா பாறையிலிருந்தா என்று எல்லாம் அதில் இருக்கும். கூடவே ஒரு கிளையைக் காயவைத்து அட்டையிலும் ஒட்டிவிடுவார்கள்.

என்றைக்காவது ஒரு பூங்காவில் தொங்கும் சிவப்பு விரேயாவைப் பார்த்தால், பலகையைப் படிப்பதற்கு முன் பக்கவாட்டில் நின்று பூவைப் பாருங்கள். குழாய் வளைந்திருந்தால் சீமாட்டி லாக்கியே. நேராக இருந்தால் பலசாலி விரியோசம். பலகையில் வேறு மாதிரி எழுதியிருக்கிறதா? தோட்டக்காரரைக் கூப்பிடுங்கள்!